ஏழரைக்குப் போன கரண்ட்

டாலஸ், டெக்ஸாஸ்
ஜனவரி 27

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் தம்பி மகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் மருமகளும் பேத்தியும் நலம். அங்கு உங்கள் முழங்கால், பெரியம்மாவின் சர்க்கரை, வாசல் வேப்பமரம், மாடியில் விட்டு விட்டு எரியும் அந்த டியூப்லைட் எல்லாவற்றின் நலமும் அறிய ஆவல்.

போனில் சொல்லாமல் இதற்கென்ன கடுதாசி என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் மூன்றாவது வாக்கியத்திலேயே "ஏலே, அதத் தொடாதலே!" என்று கத்துவீர்கள். கடுதாசியில் கத்தினால் எனக்குக் கேட்காது. அதோடு, நீங்கள் முப்பத்தைந்து வருஷம் ஈபியில் லைன்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். விஷயம் கரண்ட். நிதானமாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். பெரியம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம், முக்கியமாகக் கடைசிப் பாராவை.

இந்த வருஷப் பொங்கலைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். நாங்கள் பொங்கல் வைக்கும் இடம் சொந்த இடமில்லை. சனிக்கிழமை தோறும் தமிழ்ப் பள்ளி நடத்த வாடகைக்கு எடுத்த மண்டபம். பொங்கல் எந்தக் கிழமையில் வந்தாலும் நாங்கள் அடுத்த சனிக்கிழமைதான் கொண்டாடுவோம். இங்கே தை பிறப்பதற்கே லீவு பார்க்க வேண்டியிருக்கிறது. வாடகைப் பத்திரத்தில், கட்டடத்திலும் சுற்றுப்புறத்திலும் திறந்த நெருப்பு கூடாது என்று ஒரு வரி. மூன்று கல்லும் பனையோலையும் பேச்சுப்போட்டிப் பிள்ளைகளின் பேச்சில் மட்டும் எரிகின்றன. எங்களுக்கு வாய்த்தது மின்சார அடுப்பு.

இங்கே சாதாரண பிளக் பாயின்ட்டில் வருவது 120 வோல்ட். 1882இல் எடிசன் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையம் திறந்து ஊருக்குக் கொடுத்த நூற்றுப்பத்துச் சொச்சம் வோல்ட்டின் பேரன்தான் இது. 15 ஆம்பியர், மிஞ்சினால் 20. அதனால் மேசைமேல் வைக்கும் அடுப்பு எதை வாங்கினாலும் 1500 வாட், ரொம்பப் பெரியது என்றால் 1800. நம் வீட்டுச் சமையலறையில் 16 ஆம்பியர் பாயின்ட்டில் மூவாயிரத்து ஐந்நூறு வாட் வரை இழுப்போமே, அதை நினைத்து ஏங்கிப் போனேன். அமெரிக்காவில் எல்லாமே பெரிசு பெரியப்பா, பிளக் பாயின்ட்டைத் தவிர. அதிலும் சுவிட்ச் கிடையாது. செருகினால் ஆன், பிடுங்கினால் ஆஃப்.

போன வருஷம் மண்டபத்துச் சமையலறையிலிருந்து வெளியே பார்க்கிங் இடம் வரைக்கும் ஆரஞ்சு நிற எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்தோம். நூறடி ஒயர் மூன்று, ஒன்றின் வாலில் இன்னொன்றின் தலை. கிழக்குப் பார்த்துப் பானை. பால் ஊற்றியாயிற்று. ஒரு மணி நேரம் ஆயிற்று. பாலில் ஆடை கட்டியதே தவிர ஒரு குமிழி வரவில்லை. ஒயரைத் தொட்டுப் பார்த்தால் ஒயர் சூடாக இருக்கிறது! கடைக்கோடி வீட்டில் டியூப்லைட் ஏன் கண் சிமிட்டுகிறது என்று சின்ன வயதில் நீங்கள் சொல்லிக்கொடுத்தது அப்போதுதான் உறைத்தது. முந்நூறடி மெல்லிசு ஒயர் போக வர வோல்டேஜைத் தின்றுவிட்டு, 1500 வாட் அடுப்புக்கு ஆயிரம் வாட்கூட மிச்சம் வைக்கவில்லை. கடைசியில் செயலாளர் பானையை உள்ளே தூக்கிக்கொண்டுபோய்ச் சமையலறையில் பொங்கவைத்து, மூடியோடு வெளியே கொண்டுவந்து, "பொங்கிடுச்சு, எல்லாரும் சொல்லுங்க" என்றார். நாங்களும் சொன்னோம். குலவைச் சத்தம், தாமதமாக வந்த ரயிலுக்கு ஊதிய விசில் மாதிரி இருந்தது.

ஆகவே இந்த வருஷப் பொங்கலுக்கென்று கமிட்டி கூடியது. பார்க்கிங் இடத்திலேயே ஒரு பிளக் பாயின்ட் வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம். எங்கள் கமிட்டியில் பதினொரு பேர். பதினொருவரும் சாஃப்ட்வேர். கம்ப்யூட்டருக்குள் கரண்ட் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படிப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. மதுரைக்காரர் ஒருவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். "அங்க பாருங்க, எட்டு லைட் கம்பம் நிக்குது. கம்பத்துல லைன் இருக்குல்ல? அதுல ஒரு கொக்கியப் போட வேண்டியதுதானே."

நம்மூர் அம்மன் கொடை ஞாபகம் வந்துவிட்டது. மைக் செட்டுக்குத் தெருவிளக்குக் கம்பத்தில் கொக்கி போடுவார்கள். நீங்கள் போர்டு ஆள் என்பதால் சரியாக அந்த இரண்டு நாள் கோவில்பட்டிக்கு அவசர வேலையாகப் போய்விடுவீர்கள். கொக்கி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வந்த பாசத்தில், அந்தக் கொக்கியைப் பற்றி நான் நினைத்துப் பார்க்க வேண்டிய வேறொரு விஷயம் நினைவுக்கு வராமல் போயிற்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மதுரைக்காரரும் நானும் கம்பத்துக்குப் போனோம். கம்பத்தின் அடியில், முழங்கால் உயரத்தில், கை நுழைகிற அளவுக்கு ஒரு ஜன்னலும் அதற்கு ஒரு தகடு மூடியும் இருக்கிறது. மூடியைத் திறந்தால் உள்ளே ஒயரைக் காணோம், எறும்புதான் இருக்கிறது. இந்த ஊரில் தீ எறும்பு என்று ஒரு ஜாதி. மின்சாரப் பெட்டி எங்கே கிடைத்தாலும் குடியேறிவிடும். மதுரைக்காரர் கையை உதறிக்கொண்டு ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, கரண்ட் அடித்துவிட்டது என்று நான் கட்டையைத் தேடி ஓடினேன். எறும்பெல்லாம் போனபின் டார்ச் அடித்துப் பார்த்தோம். ஒரு பழுப்பு ஒயர், ஒரு சாம்பல் ஒயர், ஒரு பச்சை.

நீங்கள் எனக்கு அரைக்கால் சட்டை வயதில் சொல்லிக்கொடுத்த பாடம்: சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். அந்தப் பாடத்தோடு இங்கே வந்தால் ஆள் தேறுவது கஷ்டம். இங்கே வீடுகளில் கறுப்புதான் பேஸ், வெள்ளை நியூட்ரல். கறுப்பு ஒயர், சாதுவாகத்தான் இருக்கும் என்று தொட்டால் அதோடு போயிற்று. பழுப்பும் சாம்பலும் அந்தப் பாடத்திலும் இல்லை, இந்தப் பாடத்திலும் இல்லை. மதுரைக்காரர் மீட்டரை வைத்தார். சுழியம். "ஒயர் செத்துப்போச்சுங்க" என்றார். எனக்கு மீட்டர் பாட்டரிமேல் சந்தேகம். கடைக்குப் போய்ப் பாட்டரி வாங்கி, வழியில் ஒரு காபி குடித்து, திரும்பி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மறுபடி வைத்தார். 277.

"பாத்தீங்களா, பாட்டரிதான்" என்றேன் பெருமையாக.

பெரியப்பா, நீங்கள் இதைப் படிக்கும்போது இந்த இடத்தில் நிறுத்தி மேலே பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மதியம் சுழியம், சாயங்காலம் 277. உங்களுக்கு இதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் பதினொருவர் சேர்ந்து புரிந்துகொள்ள ஐந்து வாரம் ஆயிற்று.

அன்று எங்களை உறுத்தியது வேறு. 277 என்று ஒரு வோல்டேஜா? 120 கேள்விப்பட்டிருக்கிறோம். வீட்டில் துணி காயவைக்கும் மெஷினுக்கு 240 வருகிறது. இரண்டு லைன், நடுவில் ஒரு நியூட்ரல். லைனுக்கும் லைனுக்கும் 240, நியூட்ரலோடு சேர்த்தால் பாதி. இந்த 277 எந்த ஊர்க்காரர்? மதுரைக்காரர் மீட்டர்மேல் பழி போட்டு வேறு மீட்டர் வாங்கி வந்தார். அதுவும் 277. இரண்டு மீட்டரும் பேசிவைத்துக்கொண்டு பொய் சொல்லுமா? அப்போதுதான் மூடியை மூடிவிட்டு, லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிட்டோம்.

இங்கே எலக்ட்ரீஷியன்களில் மேல்படியில் இருப்பவருக்கு மாஸ்டர் என்றுதான் பட்டம். மாநில அரசே பரீட்சை வைத்து லைசென்ஸ் கொடுக்கிறது. நம்மூரில் டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், டான்ஸ் மாஸ்டர். இங்கே கரண்ட் மாஸ்டர். வந்தவர் மெக்ஸிகோ வம்சாவளி, அறுபதை ஒட்டிய வயது, உங்களைப் போலவே காதில் பென்சில். நாங்கள் கம்பத்தைத் திறந்து பார்த்தோம் என்றதும் அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு மொழி தேவையில்லை. "இனி மூடியைக்கூடத் தொடாதீர்கள்" என்றார். உங்கள் சொல்லை அப்படியே எடுத்து ஆங்கிலத்தில் போட்ட மாதிரி இருந்தது.

பிறகு பொறுமையாகச் சொன்னார். பெரிய கட்டடங்களுக்கு இங்கே மூன்று பேஸில் 480 வோல்ட் வருகிறது. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே அளந்தால் 277. நம்மூரில் 400, 230 என்றால் இங்கே 480, 277; அதே 1.732 கணக்கு. தூரமாக நிற்கும் விளக்குகளுக்கு வோல்டேஜைக் கூட்டினால் ஆம்பியர் குறையும், மெல்லிசுக் கம்பியே போதும். அதனால் பார்க்கிங் விளக்கெல்லாம் பெரும்பாலும் இதில்தான். நிறத்தையும் இதற்கென்று பிரித்து வைத்திருக்கிறார்கள்: பழுப்பு, ஆரஞ்சு, மஞ்சள் பேஸ்கள், சாம்பல் நியூட்ரல். "பழுப்பைப் பார்த்தால் கையை எடு" என்பது இவர்கள் பாடம்.

மதுரைக்காரர் விடவில்லை. "பாதி எடுக்க முடியாதா? வீட்ல 240ல பாதி 120 எடுக்கறாங்களே?" மாஸ்டர் தலையை ஆட்டினார். வீட்டில் நடுவில் நியூட்ரல் இருப்பதால் பாதி கிடைக்கிறது. இங்கே 277 என்பதே நியூட்ரலோடு சேர்த்து அளந்ததுதான், இதற்குக் கீழே பாதி கிடையாது. அப்படியானால் நேரே செருகினால் என்ன என்று பொருளாளர் கேட்டார். மாஸ்டர் கையிலிருந்த அட்டையில் கணக்குப் போட்டுக் காட்டினார். 120 வோல்ட்டில் 1500 வாட் எடுக்கும் அடுப்பு 277இல் 8000 வாட் இழுக்கப் பார்க்கும். பொங்கல் பொங்கியிருக்கும், அடுப்பும் சேர்ந்து.

முதலில் அவர் சொன்ன வழி நேர்வழி. உள்ளே 120 வோல்ட் பெட்டியிலிருந்து தனி ஒயர், விளக்குக்குப் போகும் குழாய் வழியாகவே கம்பம் வரை. சட்டத்தில் இடமுண்டாம். குழாய்க்குள் எஃகு நாடாவை விட்டார். எழுபது அடி போய் நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கடைசியில் இழுத்து எடுத்தபோது முனையில் கறுப்புக் களிமண். குழாய் எங்கோ உடைந்து மண் புகுந்திருக்கிறது.

சரி, புதுசாகப் பள்ளம் தோண்டலாம் என்றால் இந்த நாட்டில் சும்மா தோண்ட முடியாது. 811 என்ற எண்ணுக்குப் போன் போட்டு, இரண்டு வேலை நாள் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு கம்பெனி ஆளாக வந்து, அவரவர் குழாய் எங்கே ஓடுகிறது என்று தரையில் வண்ணம் அடித்துவிட்டுப் போவார்கள். சிவப்பு கரண்ட், மஞ்சள் கேஸ், நீலம் குடிதண்ணீர், பச்சை சாக்கடை, ஆரஞ்சு போன். நாங்கள் தோண்ட நினைத்த இடம் வெள்ளை. இலவசம்தான். கெடு முடிந்து போய்ப் பார்த்தால் புல்தரை முழுக்க ஐந்து நிறக் கோடுகள், நடுநடுவே குட்டிக் குட்டிக் கொடிகள். தமிழ்ப் பள்ளிக்கு வந்த ஆச்சி ஒருவர், காரைக்குடிக்காரர், மகனைப் பார்க்க வந்தவர், இறங்கி நின்று ரொம்ப நேரம் பார்த்தார். "கோலம் யார் போட்டது? புள்ளியே சரியா வைக்கலியே" என்றார்.

அந்தக் கோலத்தோடு பள்ளம் நின்றுபோயிற்று. பிளாஸ்டிக் குழாயானால் புல்தரையில் பதினெட்டு அங்குல ஆழம் வேண்டும், அது பரவாயில்லை. ஆனால் வழியில் தார்த்தளத்தை நாற்பதடி அறுக்க வேண்டும். கட்டடச் சொந்தக்காரர், "என் தாரைத் தொடாதீர்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

மிச்சம் ஒரே வழி. கம்பத்துப் பக்கத்திலேயே ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர். 277 உள்ளே, 120 வெளியே, 2 கேவிஏ. லைனில் அதற்கு இடமிருக்கிறதா என்று மாஸ்டர் கணக்குப் பார்த்தார். முன்னே அந்தக் கம்பங்களில் பழைய 400 வாட் பல்புகள் இருந்தபோது 20 ஆம்பியர் பிரேக்கரில் எட்டு விளக்கே முக்கால்வாசியை விழுங்கியிருந்ததாம். இப்போது எல்லாம் 150 வாட் எல்ஈடி. எட்டும் சேர்ந்து நாலே கால் ஆம்பியர், டிரான்ஸ்ஃபார்மர் முழுசாக இழுத்தாலும் ஏழேகால். தாராளம். "விளக்கோட சேர்த்துத்தானே வேணும்?" என்று கேட்டார் மாஸ்டர். பொருளாளர், தனி லைன் என்றால் செலவு கூடும் என்ற பயத்தில், "ஆமாம் ஆமாம், விளக்கோட சேர்த்தே, விளக்கோட சேர்த்தே" என்று இரண்டு தரம் சொன்னார். இந்த வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நகராட்சி பெர்மிட், சொந்தக்காரர் கையெழுத்து, மாஸ்டர் கூலி. மொத்தத் தொகையைப் பொருளாளர் ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். ஊரைவிட்டு வந்து இருபது வருஷம் ஆகிறது, இன்னும் பெருக்குகிறார்.

வேலையைப் பார்க்க நீங்கள் இருந்திருக்க வேண்டும் பெரியப்பா. ஒரு திருகுகூடக் கோணலில்லை. டிரான்ஸ்ஃபார்மரின் இந்தப் பக்கம் புது லைன் பிறப்பதால் அதற்கென்று தனியாக எர்த் வேண்டுமாம். எட்டு அடிச் செம்பு பூசிய கம்பியைச் சம்மட்டியால் அடித்தே தரைக்குள் இறக்கினார்கள். காரைக்குடி ஆச்சி பக்கத்தில் நின்று, "கரியும் உப்பும் போடலியா?" என்று கேட்டார். அவர்கள் வீட்டு எர்த் குழிக்குச் சித்திரை மாதம் தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியவராம். மாஸ்டருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி ஆச்சிக்கு ஒரு வணக்கம் வைத்தார்.

பிளக் பாயின்ட்டில் இரண்டு சின்னப் பொத்தான்கள், ஒன்று சோதிக்க, ஒன்று மறுபடி போட. 5 மில்லி ஆம்பியர் கசிந்தாலே டப்பென்று விழுந்துவிடும். நம் வீட்டு மெயினில் நீங்கள் மாட்டிய ட்ரிப்பர் 30க்குத்தான் விழும். வெளியில் வைக்கும் பாயின்ட்டுக்கு இது கட்டாயம், மழைமூடியும் கட்டாயம். பிளக் செருகியிருக்கும்போதும் மூடுகிற மாதிரி பெரிய பிளாஸ்டிக் கூடு. நம் தோட்டத்து மோட்டார் ரூமில் பிளக்குக்குப் பால் கவர் கட்டி வைத்திருப்போமே, அதன் பணக்கார அண்ணன். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துப் பச்சைச் சீட்டு ஒட்டினார். வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு அடுப்பைச் செருகிப் பார்த்தோம். பத்து நிமிஷத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் கொதித்தது. மதுரைக்காரர் விசிலடித்தார்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கெல்லாம் போய்விட்டோம். குளிர். வேட்டிக்குள் பேன்ட் போட்டிருந்தேன், மருமகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பத்தடியில் கோலம், இந்தத் தடவை புள்ளி வைத்து. பத்து லிட்டர் பானை, மஞ்சள் கொத்து, கரும்பு. ஆறு இருபதுக்கு அடுப்பைப் போட்டோம். மேலே எட்டு விளக்கும் ஜெகஜ்ஜோதியாக எரிகின்றன. நூற்றைம்பது பேர் கம்பளிக்குள் சுருண்டு நிற்கிறோம். ஏழு மணிக்குப் பானையின் ஓரத்தில் குமிழி. ஏழு இருபதுக்குப் பால் மெல்ல எழும்புகிறது. ஆச்சி குலவைக்கு நாக்கைத் தயார்பண்ணிக்கொண்டார். ஜனவரியில் இந்த ஊரில் சூரியோதயம் ஏழரை மணி. ஏழரை என்றதும் உங்களுக்கு என்ன தோன்றுமோ அதுவேதான் நடந்தது. கிழக்கே வெளுத்தது, குழந்தைகள் கைகூப்பினார்கள், தலைக்கு மேல் எட்டு விளக்கும் ஒன்றாக அணைந்தன. அடுப்பின் சிவப்பு வட்டமும் மங்கி மங்கிக் கறுத்தது. எழும்பிய பால் ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது.

மதுரைக்காரர் பிளக்கைப் பிடுங்கிச் செருகினார். பொத்தானை அழுத்தினார். ஒன்றுமில்லை. நான் வானத்தைப் பார்த்தேன், கம்பத்தைப் பார்த்தேன். மீட்டரில் மதியம் காட்டிய சுழியம் வந்து முன்னால் நின்றது. அதன் பின்னாலேயே நம்மூர் அம்மன் கொடையும் வந்தது. கம்பத்தில் ஐந்து கம்பி ஓடும், மூன்று பேஸ், ஒரு நியூட்ரல், ஐந்தாவது தெருவிளக்குக் கம்பி; ஐந்தாவதில் கொக்கி போட்டவன் முட்டாள் என்று நீங்கள் எத்தனை தரம் சொல்லியிருக்கிறீர்கள். ராத்திரியெல்லாம் பாடிய மைக் செட், விடிந்ததும் தெருவிளக்கை அணைத்த நொடியில் பாட்டின் நடுவே செத்துப்போனதும், சாமியாடியவர் தாளம் தப்பி நடுத்தெருவில் முழித்துக்கொண்டு நின்றதும் நான் கண்ணால் பார்த்தது. பத்தாயிரம் மைல் தாண்டி வந்து, பெர்மிட் வாங்கி, இன்ஸ்பெக்டர் கையெழுத்தோடு, முறையாக அதே ஐந்தாவது கம்பியில் கொக்கி போட்டிருக்கிறோம். விளக்கோட சேர்த்தே, விளக்கோட சேர்த்தே.

இங்கே அணைக்க ஆள் வருவதில்லை. மண்டபத்தின் வடக்குச் சுவரில், ஓர் ஆள் உயரத்துக்கு மேலே, கட்டைவிரல் தண்டிக்கு ஒரு கண் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் லைனை நிறுத்தும், இருட்டினால் விடும். கையால் போடுகிற சுவிட்ச் உள்ளே மின்சார அறையில் இருக்கும். அறைக்குப் பூட்டு, சாவி கட்டட மேனேஜரிடம், மேனேஜர் சனிக்கிழமை காலை ஏழரைக்குப் போன் எடுக்கமாட்டார். கமிட்டி கூடி ஆலோசிக்கத் தொடங்கியது. பால் ஆறிக்கொண்டிருக்கிறது. ஆச்சிதான் சொன்னார், "ஏம்ப்பா, அதோட கண்ணைப் பொத்துங்க."

ஏணி வந்தது. மதுரைக்காரர் ஏறினார். முதலில் மஞ்சப்பையைப் போட்டு மூடினார். டெக்ஸாஸ் வெளிச்சம், காலையிலேயே மஞ்சப்பையைத் தாண்டி உள்ளே போயிற்று. இரண்டாக மடித்தார், மூன்றாக மடித்தார், கண் அசையவில்லை. நான் சாமான் கூடையைத் துழாவினேன். பால் ஊற்றக் கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளர் கையில் பட்டது. மேலே நீட்டினேன். அளவெடுத்துச் செய்த மாதிரி கண்ணின்மேல் கவிழ்ந்து உட்கார்ந்தது. சுற்றிலும் இன்சுலேஷன் டேப். கீழே நூற்றைம்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அரை நிமிஷம் கழித்துச் சுவருக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். பளிச்சென்ற காலையில், சூரியன் முழுசாக மேலே வந்து நிற்க, எட்டு விளக்கும் எரிந்தன. அடுப்பு சிவந்தது.

பால் பொங்கியது பெரியப்பா. நிஜமாகவே பொங்கி, பானை கழுத்தில் வழிந்து, கிழக்குப் பக்கமாகவே இறங்கியது. ஆச்சி போட்ட குலவையில் எதிர்வீட்டு நாய்கள் நாலும் குரைத்தன. சூரியனுக்குப் பொங்கல் வைக்கச் சூரியனை ஏமாற்றியது தெய்வகுற்றமாகுமா என்று பொருளாளருக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. தெரிந்த குருக்கள் யாரையாவது கேட்டு எழுதுங்கள்.

எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பும் மும்முரத்தில் டம்ளரை மறந்துவிட்டோம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ராவும் பகலும் எட்டு விளக்கும் எரிந்திருக்கின்றன. திங்கட்கிழமை சொந்தக்காரர் மாஸ்டரைக் கூப்பிட்டு, லைன் ஷார்ட் ஆகியிருக்கிறது, வந்து பார் என்றிருக்கிறார். மாஸ்டர் ஏணியில் ஏறி டேப்பைப் பிரித்து, டம்ளரைக் கையில் எடுத்து, அங்கேயே ஏணியில் உட்கார்ந்து சிரித்தார். பிறகு எங்களை மின்சார அறைக்குக் கூட்டிப்போய், கை, நிறுத்தம், தானாக என்று மூன்று நிலை உள்ள சுவிட்சைக் காட்டினார். அடுத்த வருஷம் முதல்நாளே மேனேஜரிடம் சொல்லி அதைக் 'கை'யில் போடச் சொல்ல வேண்டியதுதான். பகலில் விளக்கும் சேர்ந்து எரியும், அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. "காலையில் வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னீர்களா?" என்றார். உங்களை முதலிலேயே கேட்டிருந்தால் நீங்களும் அதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்டிருப்பீர்கள்.

இனி நான் சொல்லப்போவது நமக்குள் இருக்கட்டும். டம்ளரை மாஸ்டர் திருப்பித் தரவில்லை. "இது நல்ல டூல்" என்று சொல்லித் தன் பெட்டியில் போட்டுக்கொண்டார். எனக்குக் கேட்க மனசு வரவில்லை. அது என் கல்யாணத்துக்குப் பெரியம்மா பெயர் வெட்டிக் கொடுத்தனுப்பிய ஆறு டம்ளரில் ஒன்று. அடுத்த தடவை நாங்கள் ஊருக்கு வரும்போது பெரியம்மா எண்ணிக் கேட்டால், கொடுத்ததே ஐந்துதான் என்று நீங்கள்தான் சாதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள,
தம்பி மகன்